கீறல் விழுந்த துப்பாக்கி

துப்பாக்கி பொய். கொள்ளை நிஜம்.

சப் இன்ஸ்பெக்டர் பாகீரதி செல்போனைத் திருப்பிக் காட்டினாள். சாலை பஜாரில் ஒரு நகைக்கடையின் கேமராவில் பதிந்த படம். ஹெல்மெட் போட்ட ஆள். கையில் துப்பாக்கி. குழலின் ஓரத்தில் மீன்முள் மாதிரி ஒரு கீறல்.

ரத்னாபாய் அதற்கு மேல் எதையும் பார்க்கவில்லை. அந்தக் கீறலை அரத்தால் போட்டவளே அவள்தான்.

ஒரு சினிமாவில் கதாநாயகன் துப்பாக்கியைப் பாறையில் வீசி எறிவான். அப்போது விழுந்த கீறலின் நகல் அது. படம் நன்றாக ஓடியது. ரத்னாபாயும் அவளுடைய கூட்டாளி ஷாஜியும் கொச்சியில் இருக்கும் அந்த சினிமா கம்பெனியிடம் முறையாக லைசென்ஸ் வாங்கினார்கள். கரமனையில் டயர் கடைக்கு மேலே ஓர் அறை பிடித்து, அதே துப்பாக்கியை ரெசினில் வார்த்து, சினிமாப் பொருள் சேர்க்கிறவர்களுக்கு விற்றார்கள். வார்ப்பது அவள், பெயின்ட் அடிப்பது அவன். நூறு செய்ய அனுமதி. நாலு மாதத்தில் போனது இருபத்து மூன்று. பொம்மைக்கு ஒன்பதாயிரமா என்று கேட்காத சொந்தக்காரர் இல்லை.

"நம்ம சாதனம் தன்னே, சேச்சி," என்றான் ஷாஜி. கொஞ்சம் பெருமையாகவே சொன்னான். பாகீரதி முறைத்தாள்.

வாங்கியவர்களின் பெயரும் முகவரியும் பதிவேட்டில் இருந்தன. மூன்று நாள் அலைந்து இருபத்து மூன்று வீடுகளையும் பார்த்துவிட்டு வந்தாள் பாகீரதி. எல்லார் வீட்டிலும் துப்பாக்கி கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. அது ஒரு நாள் வெளியே போய்விட்டு வந்ததா என்று யார் சொல்வது? பிடிக்கு அடியில் ஒவ்வொன்றுக்கும் நம்பர் உண்டு. கேமராவில் அது தெரியவில்லை.

கம்பெனியிலிருந்து போன் வந்தது. ஞாயிற்றுக்கிழமைக்குள் ஆள் பிடிபடாவிட்டால் லைசென்ஸ் ரத்து. அச்சுகளை உடைத்து, உடைத்ததைப் படம் எடுத்து அனுப்ப வேண்டும். ரத்னாபாய் ஆஸ்பத்திரி பில்லிங் வேலையை விட்டுவிட்டு இதில் இறங்கியவள். திரும்பிப் போகலாமென்றால் அந்த நாற்காலியில் இப்போது அவளுடைய நாத்தனார் உட்கார்ந்திருக்கிறாள்.

"மேடம், களவெடுத்தவனுக்கு வேண்டியது பைசாதானே? நாம பைசாவைக் காட்டுவோம்," என்றாள் பாகீரதியிடம்.

வாங்கியவர்களுக்கென்று ஒரு வாட்ஸாப் குரூப் இருந்தது. அதில் செய்தி போட்டாள். நகைக்கடைக் கொள்ளைக்குப் போன துப்பாக்கியை மட்டும் துபாய்க்காரர் ஒருவர் ஐந்து லட்சத்துக்குக் கேட்கிறார். பெயர் வெளியே வராது. சனிக்கிழமை காலை பத்து மணிக்குத் துப்பாக்கியோடு வரவும்.

சனிக்கிழமை பாகீரதி மப்டியில் வந்து, பெயின்ட் டப்பாக்களுக்குப் பின்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தாள்.

ஒன்பதே முக்காலுக்கே ஒருவர் வந்துவிட்டார். பல் டாக்டர். துப்பாக்கியை மேஜையில் வைத்தார், கதவைப் பார்த்துக்கொண்டார், குரலைத் தாழ்த்தினார்.

"நான்தான்."

பாகீரதி விலங்கை எடுத்தாள். அதற்குள் படியில் செருப்புச் சத்தம்.

இரண்டாவது ஆள் ஹெல்மெட்டையும் கொண்டுவந்திருந்தான், அத்தாட்சிக்காம். அடுத்து வந்த பெண், கொள்ளையடித்தது தன் வீட்டுக்காரர்தான் என்றும் அவருக்கு இன்றைக்கு லீவு கிடைக்கவில்லை என்றும் சொன்னாள். பொன்முடியிலிருந்து முதல் பஸ் பிடித்து வந்தவரிடம் கொள்ளை எத்தனை மணிக்கு என்று ஷாஜி கேட்டான். உங்களுக்கு எத்தனை மணி வேண்டும் என்றார் அவர்.

பன்னிரண்டு மணிக்கு வரிசை படியிறங்கி டயர் கடை வரை போயிருந்தது. யார் நிஜக் கொள்ளைக்காரன் என்று அங்கே கைகலப்பு வேறு. டயர் கடைக்காரர் மேலே வந்து, என்ன இலவசமாகக் கொடுக்கிறீர்கள் என்று கேட்டுவிட்டுப் போனார்.

பாகீரதி எழுந்து அடையாள அட்டையைக் காட்டினாள். அந்த நிமிஷமே எல்லாரும் யோக்கியர்கள் ஆனார்கள். கொள்ளை நடந்த நேரத்தில் எங்கே இருந்தோம் என்பதற்கு ஆளாளுக்குச் சாட்சி வைத்திருந்தார்கள். டாக்டர் அப்போது பல் பிடுங்கிக்கொண்டிருந்தாராம். பல்லைக் கொடுத்தவரையே போனில் கூப்பிட்டுக் கொடுத்தார்.

அறை காலியானது. ரத்னாபாய் சுத்தியலைத் தேடினாள். அச்சை உடைப்பதென்றால் தன் கையாலேயே உடைத்துவிடலாம்.

"சேச்சி, நில்லு."

ஷாஜி கையில் பதிவேடு இருந்தது. வந்த துப்பாக்கிகளின் நம்பரைப் பார்த்து ஒவ்வொன்றுக்கும் டிக் போட்டிருந்தான். இருபத்திரண்டு டிக்.

"பதினாலு வரல்ல."

பதினாலாம் நம்பர் கல்யாணராமன். வலியசாலைக்காரர், இன்சூரன்ஸ் அதிகாரி. பாகீரதிக்குச் சிரிப்பு வந்தது. "எங்க தெரு மாமா அவர். ஊர்ல ஒரே ஒரு யோக்கியன் இருந்தா உனக்குப் பொறுக்கலையா?"

"யோக்கியன்னா குரூப்புல நம்மள நாலு வரி திட்டியிருப்பாரு, மேடம். பார்சல் பெட்டி மூலை நசுங்கினதுக்கே ஒம்பது மெசேஜ் போட்ட மனுஷன். இதுக்கு வாயே திறக்கல்ல, கேட்டியளா?" என்றாள் ரத்னாபாய்.

பாகீரதியின் சிரிப்பு நின்றது. ஜீப்பை வரச் சொன்னாள்.

நகைகள் அரிசி டிரம்முக்கு அடியில் இருந்தன.

சாயங்காலம் ஸ்டேஷனில் எழுத்து வேலையெல்லாம் முடிந்தது. பாகீரதிக்கு ஒன்று மட்டும் விளங்கவில்லை.

"அஞ்சு லட்சம்னதும் ஊரே ஓடி வந்தது, மாமா. செஞ்ச ஆள் நீங்க மட்டும் ஏன் வரலே? பயமா?"

கல்யாணராமன் மேஜைமேல் பாலிதீன் உறைக்குள் இருந்த துப்பாக்கியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நெஜமாவே கொள்ளைக்குப் போன பீஸ் இது ஒண்ணுதாம்மா. அதைப் போய் யாராவது விப்பாளா?"