நாலாம் நம்பர் பாட்டில்

நாலாம் நம்பர் பாட்டிலில் மீன் இருந்தது.

துடுப்பும் வாலுமாக இல்லை, அதன் மரபணு இருந்தது. அந்த பாட்டிலில் அது இருக்கவே கூடாது.

மும்பை செம்பூர் ஆராய்ச்சி நிலையத்தின் மீட்டிங் அறையில், திரையில் அந்த ஒற்றை வரியைப் பார்த்ததும் விஞ்ஞானி பத்ரிநாராயணன் நாற்காலியை இசக்கிசெல்வியின் பக்கம் திருப்பினார். வேறு எந்தப் பக்கமும் திருப்ப அவருக்குத் தோன்றவில்லை. அந்த அறையில் கான்டிராக்டில் இருந்தவள் அவள் ஒருத்திதான்.

தாராவியிலிருந்து வரும் லேப் டெக்னீஷியன். ஆறாவது வருடம். மாதக் கடைசியோடு கான்டிராக்ட் முடிகிறது. அதைப் புதுப்பிக்கும் காகிதம் டைரக்டர் சுஷ்மா மேடத்தின் முன்னால் கையெழுத்துக்காகக் கிடந்தது.

அம்பர்நாத்துக்கு அப்பால், மலையடிவாரத்து ஆற்றில் மகாசீர் மீன் அழிந்துகொண்டிருந்தது. எத்தனை வம்சம் மிச்சமிருக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். அதற்கு மீனைப் பிடிக்கவே வேண்டாம். மீன் உதிர்த்த செதிலும் சளியும் தண்ணீரில் கரைந்து கிடக்கும். தண்ணீரை வடிகட்டி, தாளில் தங்கிய மரபணுவைப் படித்தால் போதும்.

மூன்று பாட்டில்களில் மூன்று இடத்து ஆற்றுத் தண்ணீர். நாலாவதில் மட்டும் லேபிலிருந்தே சீல் வைத்துக் கொண்டுபோகிற டிஸ்டில்டு வாட்டர். அதையும் ஆற்றங்கரையிலேயே, அதே கையால் வடிப்பார்கள். அதில் ஒன்றும் வரக்கூடாது. வந்தால் வடித்த கை சுத்தமில்லை என்று அர்த்தம். மற்ற மூன்றின் முடிவும் குப்பைக்குப் போகும்.

வடித்த கை இசக்கிசெல்வியுடையது.

சுத்தத்தைப் பற்றி, மாட்டுங்காவில் ஆசாரமான வீட்டில் பிறந்த பத்ரிநாராயணனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அவள் தொட்ட பேனாவை டிஷ்யூ பேப்பரால் துடைத்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவார். அவள் டிபன் பாக்ஸைத் திறந்தால் ஜன்னலையும் திறக்கச் சொல்வார். முப்பது வருடமாக மீன்களைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறார். மீன் தின்கிறவர்களைக் கண்டால்தான் கொஞ்சம் ஆகாது. மற்றபடி நல்ல மனிதர், இரண்டு விருது வாங்கியிருக்கிறார்.

எல்லோரிடமும் இங்கிலீஷில் பேசிக்கொண்டிருந்தவர் அவளிடம் மட்டும் தமிழுக்கு மாறினார். திட்டுவதற்கு அவருக்குத் தமிழ்தான் வசதி. பக்கத்தில் இருப்பவர்களுக்குப் புரியாது, பெயரும் கெடாது.

"என்னம்மா பண்ணி வெச்சிருக்கே? கையை அலம்பு, கிளவுஸ் மாத்துன்னு எத்தனை தடவை சொல்றது? உங்களுக்கெல்லாம் சுத்தம்னா என்னன்னே தெரியாதா?"

அந்த 'எல்லாம்' யார் யார் என்று இசக்கிசெல்விக்குத் தெரியும். அவளுடைய அம்மாவில் தொடங்கி தாராவியின் பாதிச் சந்துகள் அதில் அடக்கம்.

சுஷ்மா மேடம் மராத்திக்காரர். தமிழ் ஒரு சொல் தெரியாது. அவர் இன்னும் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று ஆற்று பாட்டில்களிலும் ஒரே வம்சம்தான் இருக்கிறது, இந்த நாலாவதில் இருப்பதோ வேறொரு வம்சம், கையிலிருந்து ஒட்டியது என்றால் இது எந்த பாட்டிலிலிருந்து ஒட்டியது என்று இந்தியில் கேட்டார்.

நல்ல கேள்வி. பத்ரிநாராயணன் அதைக் காதில் வாங்கியதாகவே காட்டிக்கொள்ளவில்லை. டெக்னீஷியனின் தவறு என்று ரிப்போர்ட்டில் எழுதிவிடலாம் என்றார். அந்தப் புதுப்பிக்கும் காகிதத்தையும் நிறுத்தி வைப்பது நல்லது என்று வாய் கூசாமல் சேர்த்துக்கொண்டார்.

மேடம் காகிதத்தை எடுத்துக் கவிழ்த்து வைத்தார்.

இசக்கிசெல்வி பத்ரிநாராயணனின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். திரையில் அந்த வரி வந்ததிலிருந்தே அவருக்கு நேரம் கொடுத்துக்கொண்டுதான் இருந்தாள். படித்தவர், தானே சொல்லிவிடுவார் என்று நினைத்திருந்தாள். முதலில் கோபம் வந்தது. அப்புறம் கோபம் போய் அருவருப்பு வந்தது. இந்த ஆள் உள்ளே வரும்போதெல்லாமா ஆறு வருடம் எழுந்து நின்றோம் என்றிருந்தது.

இப்போது எழுந்திருக்கவில்லை. உட்கார்ந்தபடியே தமிழில் சொன்னாள்.

"அன்னைக்கு ஆத்துல நான் நீட்டுன தண்ணியவே குடிச்சிருக்கலாம்லா சார்."

பத்ரிநாராயணன் நாற்காலியைச் சட்டென்று திரையின் பக்கம் திருப்பிக்கொண்டார்.

அன்றைக்கு மே மாத உச்சிவெயில். அவருடைய கூஜா காலி. அவள் தன் வீட்டுத் தண்ணீர் பாட்டிலை நீட்டியபோது தாகமில்லை என்றார். கொஞ்ச நேரத்தில் நாலாம் நம்பர் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு பாறைக்குப் பின்னால் போனார். அங்கே கோடையில் ஆற்றைவிட்டுத் துண்டாகிப்போன ஒரு மடு உண்டு. சாம்பிள் எடுக்கும் இடங்களின் பட்டியலில் அது கிடையாது. திரும்பி வந்தவரின் வாய் ஈரமாக இருந்தது. பாட்டில் பழையபடி நிறைந்தே இருந்தது, வெளிப்புறம் மட்டும் நனைந்திருந்தது. சீல் ஏன் சார் உடைந்திருக்கிறது என்று கேட்டவளை, கொடுத்ததை வடி என்று அடக்கினார்.

அவள் வடித்தாள்.

சுஷ்மா மேடம் அவளையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு பத்ரிநாராயணனிடம், இவள் இப்போது என்ன சொன்னாள் என்று கேட்டார்.

பத்ரிநாராயணன் டிஷ்யூ பேப்பரை எடுத்து வாயைத் துடைத்துக்கொண்டார்.

இசக்கிசெல்விக்கு இந்தி பிறந்த தெருவிலேயே வந்தது. சொல்வதென்றால் அரை நிமிடம் ஆகாது. அவள் கையைக் கட்டிக்கொண்டு, சாரே மொழிபெயர்க்கட்டும் என்று காத்திருந்தாள்.