கேடயம் போட்ட கத்தி

பெண் பார்க்க வந்த இடத்தில் மாப்பிள்ளைப் பையன் கத்தியை எடுத்தான்.

கூடத்தில் யாரும் அலறவில்லை. பெண்ணின் அப்பா வேதாந்தம் மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, "குடுங்கோ, குடுங்கோ" என்று இரண்டு கையையும் நீட்டினார். கத்தியைக் கைக்குக் கை கொடுத்தால் சண்டை வரும் என்று பையன் அதை முக்காலியில் வைத்தான். அவர் ஆசையோடு எடுத்துக்கொண்டார்.

வக்கீல் வேதாந்தத்துக்கு மயிலாப்பூரில் இரண்டு விஷயங்களில் பேர். அவர் மதுவிலக்கு சபையின் காரியதரிசி. அதோடு ஸ்விட்சர்லாந்து மடக்குக் கத்திப் பைத்தியம். மவுண்ட் ரோடு ஏலக் கடைகளில் பொறுக்கிய கத்திகள் ஒரு தேக்குப் பெட்டி நிறைய இருந்தன. பெட்டிச் சாவி மனைவி அபயாம்பாளின் இடுப்பில் தொங்கும்.

மகள் தர்முவுக்கு முன்பு வந்த வரன் ஒன்றை, பையன் கிராம்பு மென்றுகொண்டு வந்த குற்றத்துக்காகவே திருப்பி அனுப்பியவர் அவர். வாயில் கிராம்பு என்றால் வயிற்றில் சாராயம் என்பது அவர் கட்சி. அடையாற்றிலிருந்து வந்திருக்கும் இந்த ராஜகோபாலனைத் தர்முவுக்குப் பார்த்ததுமே பிடித்துவிட்டது. அப்பா இவனையும் விரட்டிவிடக் கூடாதே என்று கதவிடுக்கிலேயே நின்றுகொண்டிருந்தாள்.

"எங்க ஆபீஸ்ல இருந்த ஸ்விஸ் இன்ஜினீயர் ஊருக்குப் போறச்சே குடுத்தார், மாமா," என்றான் ராஜகோபாலன். "உங்களுக்குப் பிடிக்கும்னு சொன்னா."

வேதாந்தம், மனைவி முன்பே திறந்து வைத்திருந்த பெட்டியிலிருந்து அதன் ஜோடியைத் தேடி எடுத்துப் பக்கத்தில் வைத்தார்.

"பாருங்கோ. ரெண்டும் ஆபீஸர் கத்தி, ரெண்டும் செவப்புக் கைப்பிடி. ஆனா உங்களோடதுல வெறும் சிலுவை. என்னோடதுல சிலுவையைச் சுத்திக் கேடயம் போட்டிருக்கான்."

"நகம் வச்சு இழுக்கற பள்ளமும் உங்களோடதுல நீளமா இருக்கு, மாமா."

வேதாந்தத்துக்கு அவனை அப்படியே கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. இந்தப் பள்ளத்தைப் பற்றிப் பேச மயிலாப்பூரில் அவருக்கு ஓர் ஆள் கிடையாது.

"என் கத்தி ஒண்ணுகூட ஓர் எலுமிச்சம்பழம் நறுக்கினதில்லை. மாசா மாசம் எல்லாத்தையும் பிரிச்சு எண்ணெய் போடுவேன். இந்தத் திருகை மட்டும் தொடமாட்டேன். பாட்டில் தக்கையைப் பிடுங்கற சாமான். நம்மாத்துல அதுக்கென்ன வேலை?"

அபயாம்பாள் சொஜ்ஜி பஜ்ஜியோடு வந்தாள். தட்டு வைக்க இடமில்லாமல் இரண்டு கத்திகளையும் ஓரமாகத் தள்ளினாள். பையனின் அம்மா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உங்களைப் பார்த்தா இவ்வளவு பெரிய பொண்ணுக்கு அம்மான்னே சொல்ல முடியாது, மாமி. கன்னம் ரெண்டும் என்னமா செவந்திருக்கு."

"எல்லாம் டாக்டர் எழுதிக் குடுத்த டானிக்," என்று வேதாந்தமே பெருமையாகப் பதில் சொன்னார். "ராத்திரி சாப்பிட்டதும் ஒரே ஸ்பூன். ஆறு வருஷமா ஒரு தலைவலி கிடையாது."

"திராட்சை டானிக்கா? செவப்பு லேபிளா?" என்றாள் பையனின் அம்மா.

அபயாம்பாள் காதில் விழாதவள் போலக் காபி எடுத்துவர உள்ளே போய்விட்டாள்.

தட்டுகள் காலியானதும் வேதாந்தம் காரியத்தில் இறங்கினார். கத்தியைப் பார்த்தால் ஆளைப் பற்றித் தெரிந்துவிடும். கைக்கு முதலில் அகப்பட்டதை எடுத்தார். மேல்துண்டின் நுனியால் பிடித்துத் திருகை இழுத்தார்.

அது வெண்ணெயிலிருந்து வருவது போல வந்தது. பளபளவென்று தேய்ந்திருந்தது. நுனியில் ஒரு துணுக்குத் தக்கை ஒட்டிக்கொண்டிருந்தது.

தன் கத்தி இப்படி இருக்க வழியே இல்லை. ஆகவே இது பையனுடைய கத்தி. வக்கீல் மூளை தீர்ப்பு எழுதிவிட்டது.

"இது தினம் வேலை செய்யற திருகு," என்றார். "குடிக்கறவனுக்கு என் பொண்ணைக் குடுக்க மாட்டேன். நீங்க கிளம்பலாம்."

கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு விசும்பல் கேட்டது. காபியோடு வந்த அபயாம்பாள் நிலைப்படியிலேயே நின்றுவிட்டாள்.

ராஜகோபாலன் கோபப்படவில்லை. "மாமா, அந்தக் கைப்பிடியைக் கொஞ்சம் பாருங்கோ."

வேதாந்தம் பார்த்தார். சிலுவையைச் சுற்றிக் கேடயம் இருந்தது. வெறும் சிலுவைக் கத்தி பஜ்ஜி எண்ணெயோடு முக்காலி ஓரத்தில் கிடந்தது.

இப்போது பையனின் அம்மா எழுந்துவிட்டாள். "எழுந்திருடா ராஜு. ஊருக்குத்தான் மதுவிலக்கு போலிருக்கு. இந்த சம்பந்தம் நமக்கு வேண்டாம்."

"கபாலி சாட்சியா நான் தொட்டதில்லை," என்றார் வேதாந்தம். எத்தனையோ பொய்சாட்சிகளைக் கூண்டில் விழிக்க வைத்தவர், அன்று அவர்களைப் போலவே விழித்தார்.

அபயாம்பாள் காபியைக் கீழே வைத்தாள். மகள் நின்ற கதவை ஒரு தடவை பார்த்தாள். பிறகு இடுப்புச் சாவிக்கொத்தைக் கழற்றிக் கணவர் முன்னால் வைத்தாள்.

"ஏன்னா, அது நான்தான். அந்தத் திராட்சை டானிக்கே தக்கை போட்ட ஒயின்தான். டாக்டர் சொன்ன ஒரு ஸ்பூன் எனக்குப் போறலை."

வேதாந்தம் திருகை மடக்கிக் கத்தியை முக்காலியில் வைத்தார்.

வாசல்வரை போய்விட்ட பையனின் அம்மா நின்றாள். மெதுவாகத் திரும்பி வந்தாள். அபயாம்பாளின் கையைப் பிடித்து உட்காரவைத்து, தானும் ஒட்டி உட்கார்ந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்:

"உங்களுக்குமா, மாமி?"