பம்பாய்க் கார்டுக் கட்டு

"சார், மெஷின் முதல் கார்டையே திங்க மாட்டேங்கு," என்றாள் மெட்டில்டா. காலையிலிருந்து இது ஐந்தாவது தடவை.

மெஷினைப் பார்த்துக்கொள்ளும் மந்திரமூர்த்தி கார்டுக் கட்டை மறுபடியும் வெளியே எடுத்தார். தூத்துக்குடித் துறைமுகத்தில் கப்பலுக்கு உப்பு ஏற்றும் கம்பெனி அது. எழுபத்தெட்டில் அங்கே கம்ப்யூட்டர் வந்ததே ஊருக்குப் பெரிய அதிசயம். பம்பாய் ஆபீசில் ஜோராக ஓடும் புரோகிராமை, துளை போட்ட கார்டுகளாக ஒரு கட்டு அனுப்பியிருந்தார்கள். இங்குள்ள மெஷின் அந்தக் கார்டுகளைப் படித்து, புரோகிராமைத் தானே கட்டி எழுப்பி ஓட்ட வேண்டும். நான்கு மணிக்குள் ஓடாவிட்டால் மெஷின் மதுரைக்கு லாரி ஏறிவிடும். இவர்கள் இரண்டு பேரின் வேலையும் அதோடு போய்விடும்.

"பம்பாய் மெஷின் புதுசு, நம்மது பழசு. அதுக்குக் கட்டளை சொல்லுத விதம் வேற, இதுக்கு வேற. முதல் கார்டுல இருக்க கட்டளை புரிஞ்சாத்தான் மத்ததைத் தொடும். எல்லாக் கட்டளைக் கார்டையும் மாத்திருவோம்," என்றார் மந்திரமூர்த்தி.

தலையணை கனத்தில் இருந்த ஆங்கிலப் புத்தகத்தைப் புரட்டிப் புரட்டி அவர் எழுத, மெட்டில்டா டகடகவென்று துளை போட்டாள். மாமியாருக்கும் மருமகளுக்கும் நடுவே சமாதானம் பேசுவதுகூட இதைவிட லேசு. கார்டுக் கட்டை அடுக்கி மெஷினில் வைப்பதை மட்டும் அவர் யாரிடமும் விடவில்லை. ஆறாவது தடவையும் முதல் கார்டிலேயே சிவப்பு விளக்கு எரிந்தது.

சரியாக நான்கு மணிக்கு மேனேஜர் செல்வதுரை வாசலில் வந்து நின்றார். "என்னவே, ஓடுதா? இல்ல, லாரிக்குச் சொல்லட்டா?"

மந்திரமூர்த்தி ஓடிப்போய், இன்னும் ஒரே ஒரு நாள் தரும்படி கெஞ்சினார். அப்போது உள்ளே கார்டுகள் சடசடவென்று ஓடும் சத்தம் கேட்டது. அச்சு மெஷின் காகிதத்தைத் தள்ள ஆரம்பித்தது. எந்தக் கப்பலுக்கு எத்தனை லாரி உப்பு என்று பட்டியல் வந்துகொண்டே இருந்தது. மூன்று பேரும் காகிதத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். மந்திரமூர்த்திக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

பம்பாய்க் கட்டளைக்கும் நம் கட்டளைக்கும் உள்ள வித்தியாசத்தையும், தான் அதைச் சரிசெய்த விதத்தையும் அவர் கால்மணி நேரம் விளக்கினார். மேனேஜருக்கு என்ன புரிந்ததோ, முதுகில் தட்டிக்கொடுத்து, மெஷின் இங்கேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் தலை மறைந்ததும் மந்திரமூர்த்தி குரலைத் தாழ்த்திக் கேட்டார். "ஏம்மா, கடைசியா எந்தக் கார்டை மாத்துன?"

"ஒண்ணும் மாத்தலை சார். பம்பாய்க் கட்டை வந்தபடியே போட்டேன். முதல் தடவையிலேருந்து நீங்க மேல வச்சிக்கிட்டிருந்த இதை மட்டும் எடுத்துட்டேன்," என்று மெட்டில்டா ஒரு கார்டை இரண்டு கையாலும் பயபக்தியோடு நீட்டினாள்.

ஒரு துளைகூட இல்லாத அந்தக் கார்டின் நடுவில், நான்கு மூலைக்கும் மஞ்சள் தடவி, மந்திரமூர்த்தி தன் கையால் போட்ட பிள்ளையார் சுழி இருந்தது.