வரி போட்ட பாட்டில்

டாக்டர் வைத்த குழாயின் வாய் நெஞ்சில் சில்லென்று பட்டதும் மலையம்மாள் மூச்சை அடக்கிக்கொண்டாள்.

“மூச்சை நல்லா இழுத்து விடச் சொல்லுப்பா” என்றார் டாக்டர். சொன்னது அவளிடம் இல்லை, பக்கத்தில் நின்ற தம்பி சோலையிடம்.

“அக்கா, மூச்ச இழுத்து விடு” என்றான் சோலை.

ஏழு வயதில் அம்மை வார்த்து அவளுக்குப் போனது கண் இரண்டும்தான். காது என்னவோ பாம்புக் காது. ஆனால் இந்த ஊரில் ஒருத்தி குருடி என்றால் செவிடி என்றும் சேர்த்தே முடிவு கட்டிவிடுகிறார்கள்.

இழுத்தாள். பாதியில் அடைத்தது.

போன மாதம் வரை சிம்மக்கல் காபி கிளப்பில் தினம் ஒரு மரக்கால் அரிசி ஆட்டிப் போட்டவள். இப்போது உரலைத் தொட்டாலே நெஞ்சு தடதடவென்று அடித்துக்கொண்டது. கால் வீங்கி, அமுக்கினால் விரல் புதைந்தது. கண் தெரியாதவள், எதற்கெடுத்தாலும் பயம், அதுதான் படபடப்பு என்று கிளப்பில் பேசிக்கொண்டார்கள். பயமாம்! முப்பது வருஷமாக இருட்டில் இருப்பவளுக்கு இனிமேல்தான் புதிதாகப் பயம் வரப்போகிறதாக்கும்.

சித்திரைத் திருவிழாவுக்குள் தேறி வராவிட்டால் வேறு ஆள் பார்த்துக்கொள்வதாக முதலாளி சொல்லி அனுப்பிவிட்டார். தம்பி சோற்றுக்குக் கையேந்த அவளுக்கு மனசில்லை. எப்படியாவது தேறிவிட வேண்டும்.

முதல் தடவை வந்தபோதும் இப்படித்தான். சோதித்து முடித்து அவளை வெளியே பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு, டாக்டர் சோலையிடம்தான் எல்லாம் விளக்கினார். அவனுக்கு, தான் ஓட்டும் ஜட்கா வண்டி வாசலில் நிற்கிற அவசரம். மருந்துக்குக் காலி பாட்டில் நாம்தான் கொண்டுபோக வேண்டும். வீட்டில் கையில் அகப்பட்டதை எடுத்து வந்திருந்தான். அதில் நிரப்பி வாங்கி அவள் கையில் திணித்தான்.

“நெஞ்சுக்கு மருந்துக்கா. மூணு வேளை. மறந்துறாத.”

அம்புட்டுத்தான்.

பாட்டிலைத் தடவியதுமே அவளுக்கு விளங்கிவிட்டது. உடம்பெல்லாம் மேடு மேடாக வரி ஓடிய பாட்டில். போன வருஷம் கைவலிக்கு இதில்தான் தைலம் வந்தது. அப்போது இங்கே மருந்து கலந்து கொடுத்த கம்பவுண்டர், புண்ணியவான், அவள் விரலைப் பிடித்து அந்த வரிகளின் மேல் ஓட்டிக் காட்டியிருந்தார். வரி போட்ட பாட்டிலில் வருவது பூசிக்கொள்ள மட்டும், வாயில் வைத்தால் விஷம் என்றார். அவளிடமே நேராகப் பேசிய ஒரே மனிதர். அவர் சொன்னதை மறப்பாளா?

மூன்று வாரம். காலை, மதியம், சாயந்தரம். கதவைச் சாத்திக்கொண்டு, உள்ளங்கையில் ஊற்றி, நெஞ்சில் சூடு பறக்கத் தேய்த்தாள். தைலம் போலப் பிசுபிசுப்பு இல்லை, தண்ணீராக ஓடியது. நெஞ்சுக்கு இப்படித்தான் போலிருக்கிறது என்று இன்னும் அழுத்தித் தேய்த்தாள். சவாரி முடிந்து வரும் சோலை பாட்டிலைத் தூக்கிப் பார்ப்பான். மருந்து குறைந்திருக்கும். அவனுக்கும் திருப்தி.

டாக்டர் குழாயை எடுத்துவிட்டார்.

“மருந்து ஒழுங்காக் குடிக்கிறாளா?”

“ஒரு வேளை தப்புனதில்லைங்க. பாட்டிலே காலி.”

“அப்ப இனிமே மருந்து கேக்காது. மூணு வாரம் குடிச்சும் வீக்கம் வடியல, மூச்சும் சரியாகல. வீட்ல வச்சுப் பாத்துக்கப்பா. எத்தனை நாளோ.”

குடிக்கிறாளா?

மூன்று வாரமாக இந்தப் பாவிகளில் ஒருத்தர் வாயிலும் வராத சொல் இப்போது வருகிறது.

“ஐயோ, குடிக்கிற மருந்தா அது?” என்று கத்தினாள். “நெஞ்சுல பூசிக்கிட்டுல்ல கெடந்தேன்! எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா குடிச்சிருப்பேனேய்யா!”

டாக்டர் நிமிர்ந்தார். அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு சோலை பக்கம் திரும்பினார்.

“என்னப்பா, உங்க அக்கா என்ன சொல்றா?”