சரக்கு அறை

"உங்க தங்கச்சியை அவ புருஷன் ஜைலானி கொண்டுபோய்ச் சரக்கு அறையில போட்டுட்டான், அபாங். பாட்டிலோட பாட்டிலா கிடக்குறா."

தங்கையின் பக்கத்து வீட்டு ஹஸ்னா, அண்ணன் முறையில் அபாங் என்று கூப்பிட்டு, போனில் இதைச் சொன்ன மறுநாளே ஹம்டான் கோத்தா பாருவிலிருந்து காரை எடுத்துவிட்டார். தங்கையின் ஊரான தெலுக் இந்தான் வந்து சேர ஏழு மணி நேரம் ஆயிற்று.

வேலி ஓரத்திலேயே ஹஸ்னா அவரைப் பிடித்துக்கொண்டாள்.

"சனிக்கிழமை ஆனா போதும், வேப் சிகரெட்டுக்கு ஊத்துற தண்ணியைப் பெட்டி பெட்டியா ஏத்திக்கிட்டுப் போறான். கடையை இழுத்து மூடிட்டாலும் போன்லயே யாவாரம் கொழிக்குது. கட்டினவளுக்கு ஒரு ரூம் கிடையாது. எங்க வீட்டுப் பூனைகூட சோபாவுல படுக்குது, அபாங்."

"ஆளு எங்க?"

"கஞ்சி வாங்கப் போயிருக்கான்."

தகரக் கூரை வீடு. நண்பகல் வெயிலில் உள்ளே அடுப்பு மாதிரி கொதித்தது. ஹம்டான் பின்பக்கத்து அறைக் கதவைத் திறந்தார். முகத்தில் ஏர்கோன் இயந்திரத்தின் குளிர்காற்று அறைந்தது. ஜன்னல் முழுக்கக் கறுப்புத் துணி. இரண்டு பக்கமும் கூரை வரை பெட்டிகளும் பாட்டில்களும். நடுவே ஒரு மெத்தை.

"கதவைச் சாத்துங்க! வெக்கை உள்ள வருது!"

ஏழு மாதம் கழித்துப் பார்க்கிற அண்ணனிடம் ரொக்கியா சொன்ன முதல் வார்த்தை அதுதான்.

சாத்தினார். இருட்டில் அவள் கை மட்டும் தட்டுப்பட்டது. எலும்பு.

"என்ன கியா இது?"

"கோவிச்சுக்காதீங்க அபாங். வேப் தண்ணிக்குச் சூடும் ஆகாது, வெளிச்சமும் ஆகாது. ரெண்டும் பட்டா நாலே மாசத்துல பாழாயிடுமாம். சுவத்துல சூடு பாக்குற மானி மாட்டியிருக்காரு, பாருங்க. அரை மணிக்கு ஒரு தடவை நான்தான் பாக்குறேன். படுத்த படுக்கையா கிடந்தாலும் எனக்கும் ஒரு உத்தியோகம்."

அவள் சிரித்தாள். அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

"உனக்கு இங்க என்ன வேலை? படுக்கை அறை என்னாச்சு?"

"அங்க வெந்துபோகுது. வெக்கை பட்டாலே தோல் புண்ணாயிடுது. இங்க எப்படியும் ஏர்கோன் ஓடுது. நானும் ஓரமா படுத்துக்கிட்டேன்."

"ஏன், உன் ரூம்ல ஒண்ணு மாட்டினா குறைஞ்சு போயிடுவானா?"

"மாட்டினாரு அபாங். இது அந்த ஏர்கோன்தான். அவரு ஆலைக்கு வேலைக்குப் போனதும் நான் அணைச்சுடுவேன். டாக்டரே நாள் குறிச்சுட்டாரு. போகப்போற ஒருத்திக்காக நாள் பூரா கரண்டு ஓடணுமா? எத்தனையோ தடவை சண்டை போட்டாரு. ஒரு நாள் மயங்கிக் கிடந்தேன். வந்து பாத்தாரு. மறுநாளே கழட்டி, சரக்குக்காவது ஆகட்டும்னு இங்க மாட்டிட்டாரு."

"மனுஷிக்கு மாட்டினதைக் கழட்டி பாட்டிலுக்கு மாட்டினானா!"

"என் மேலதான் தப்பு."

"எழுந்திரு. துணிமணியை எடு. என் வீட்டுக்குப் போறோம். இவன் பாட்டிலையே கட்டிக்கிட்டு அழட்டும்."

"நான் வந்துட்டா இதையெல்லாம் யாரு பாத்துக்குவா?"

அதற்கு மேல் ஹம்டானால் பொறுக்க முடியவில்லை. அடுக்கிலிருந்து கைக்கு வந்த பாட்டில் ஒன்றை உருவிக்கொண்டு வெளியே வந்து கதவைச் சாத்தினார். ஜைலானி வந்ததும் அவன் முகத்திலேயே அதை விட்டெறிவது என்றுதான் நினைத்தார்.

கூடத்து வெளிச்சத்தில் பாட்டிலைப் பார்த்ததும் அப்படியே நின்றார்.

பத்து வருடமாக வேப் இழுக்கிற மனிதர் அவர். லேபிளில் போட்டிருந்த மாம்பழ வாசனைத் திரவம் தேன் நிறத்தைத் தாண்டாது என்று அவருக்குத் தெரியும். இது சர்க்கரை போட்ட கறுப்புத் தேநீர் மாதிரி இருந்தது. மூடியைத் திருகி முகர்ந்தார். மாம்பழம் இல்லை, மிளகு நெடி. அடியில் அச்சிட்டிருந்த காலாவதித் தேதியைப் பார்த்தார். முடிந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது.

கூடத்தில், சனிக்கிழமை என்று எழுதி எடுத்து வைத்திருந்த பெட்டியைப் பிரித்தார். அதிலும் அதே நிறம். அதே தேதி.

கஞ்சிப் பொட்டலத்தோடு ஜைலானி உள்ளே வந்தான். மைத்துனரையும் அவர் கையிலிருந்த பாட்டிலையும் மாறி மாறிப் பார்த்தான்.

"எப்ப வந்தீங்க அபாங்?"

"இந்த விஷத்தையாடா ஊருக்கு வித்துக்கிட்டிருக்க?"

"விக்கல."

"பொய் சொல்லாதே! வாரா வாரம் ஏத்திக்கிட்டுப் போறியாமே?"

"ஆத்தங்கரை வரைக்கும் ஒரு சுத்து சுத்திட்டு, அதே பெட்டியைத் திருப்பிக் கொண்டாந்து அடுக்கிடுவேன். கியாகிட்ட புதுச் சரக்குன்னு சொல்லிடுவேன்."

"உனக்கென்ன பைத்தியமா? ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி கெட்டுப்போன தண்ணி! இதுக்கு ராப்பகலா ஏர்கோன் ஒரு கேடா? அத்தனையையும் இப்பவே கொண்டுபோய்க் குப்பையில கொட்டுறேன் பாரு!"

ஜைலானி கஞ்சியைக் கீழே வைத்துவிட்டு, பதறிப்போய் மூடியிருந்த கதவைப் பார்த்தான். பிறகு அவர் கையைப் பிடித்துக்கொண்டான்.

"மெதுவா, அபாங். கெட்டுப்போச்சுன்னு அவ காதுல விழுந்துதுன்னா, ஏர்கோனை அணைச்சிடுவா."