மத்தியானச் சார்ஜ்

"சாப்பிட இறங்கும்போது முக்கால் சார்ஜ். திரும்ப ஏறும்போது பாதி. நடுவுல மெஷினும் உன்கூட உட்கார்ந்து சாப்பிட்டுச்சா?"

சூப்பர்வைசர் கேட்கக் கேட்க, டிரைவர் புகைராசா மெஷின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

பட்டப்பெயர் பழையது. அப்போது அவனிடம் சொந்தமாக ஒரு டீசல் பொக்லைன் இருந்தது. கிளப்பினால் தெருவே இருமும். ஒரு வீட்டம்மா புகார் கொடுத்தாள்; பேப்பரில் அவள் படம்கூட வந்தது. அடுத்து, குடியிருப்புப் பக்கம் பேட்டரியில் ஓடும் மெஷினை வைத்துத்தான் தோண்டலாம் என்று விதியே வந்துவிட்டது. பொக்லைன் இரும்புக்கடைக்குப் போனது. இன்று அவன் கம்பெனியின் பேட்டரி மெஷினுக்குச் சம்பள டிரைவர். புகை போய்விட்டது, பெயர் போகவில்லை.

"கேபிள் புதைக்கிற வேலை இழுத்துக்கிட்டே போகுது. சாயங்காலம் ஆனா மெஷின் படுத்துக்குது. டீசலே தேவலைன்னு நிரூபிக்கிறியா?"

"இல்லை சார்."

"அப்போ கரண்டை விக்கிறே. கையும் களவுமா பிடிச்சேன்னா, உனக்கு வேலை கிடையாது."

மறுநாள் மத்தியானம் சூப்பர்வைசர் சாப்பிடப் போகவில்லை. மணல் குவியலுக்குப் பின்னால் பதுங்கியிருந்தார்.

மெஷினில் இருக்கும் பிளக்கிலிருந்து ஒரு வயர் கிளம்பியது. தகர வேலிக்கு அடியில் நுழைந்து, பக்கத்து வீட்டு ஜன்னலுக்குள் ஏறியது.

"மாட்டினியா!" பாய்ந்துபோய் பிளக்கைப் பிடித்தார்.

அதைவிட வேகமாகப் புகைராசா அவர் மணிக்கட்டைப் பிடித்தான்.

"கையை எடுடா!"

"பிடுங்கிடாதீங்க சார். உங்க காலைப் பிடிக்கிறேன்."

காலைச் சொன்னானே தவிர, கையைத்தான் நெரித்துக்கொண்டிருந்தான்.

ஜன்னலில் ஒரு பெண்மணி பதறிப்போய் எட்டிப் பார்த்தாள்.

"ஐயா, நிறுத்திடாதீங்க! எங்க வீட்டுக்காரருக்கு ஆக்சிஜன் மெஷின் ஓடுது. நீங்க தோண்ட ஆரம்பிச்சதிலேர்ந்து பகல்ல தெருவுக்கே கரண்ட் இல்லை. அந்தத் தம்பி தர்றதுலதான் மத்தியானம் ஓடுது. எங்க வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரி காலையிலயே தீர்ந்துடுதுங்க. இப்ப ஏத்திக்கிறதுலதான் சாயங்காலம் வரைக்கும் தாங்கும்..."

சூப்பர்வைசரின் கை தானாகத் தளர்ந்தது.

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேய்யா?"

"கேட்டா கொடுத்திருப்பீங்களா?"

அவர் பேச்சை மாற்றினார். ஜன்னலை இன்னொரு தரம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"ஏன்யா, உன் பொக்லைனை இரும்புக்கடைக்கு அனுப்பின புகார்... இந்தம்மா கொடுத்ததுதானே?"

புகைராசா பிளக்கை இன்னும் கொஞ்சம் அழுத்திச் செருகினான்.

"அது வண்டி மேல கொடுத்த புகார் சார். எம்மேல இல்லை."