உமிப் பலகை

உமியில் பிசின் கலந்து பலகை செய்யும் ஆலையில், தணிகையின் மனைவி பொற்கொடியை அழுத்து இயந்திரம் நசுக்கிப் பதினாறு நாளாகியிருந்தது. கலந்த பிசின் இறுகிவிடுமென்று, உடலை எடுத்த கையோடு மிச்ச உமியையும் அழுத்தி முடித்திருந்தார்கள். அந்தப் பலகையைத்தான் முதலாளி இன்று வாங்க வந்தவரிடம் காட்டிக்கொண்டிருந்தார். அதன் நடுவே பொற்கொடியின் பச்சை வளையல் துண்டு பதிந்திருந்தது.

"அது எனக்கு வேணும், முதலாளி" என்றான் தணிகை.

"போய்யா, பார்ட்டி நிக்கிறாரு. அப்புறம் பேசலாம்."

தணிகை கோடாலியோடு வந்தான். காம்பு முறிந்து, உள்ளங்கை கிழிந்து பலகைமேல் ரத்தம் தெறிக்கும்வரை வெட்டினான். பலகை பிளக்கவில்லை.

"பாத்தீங்களா சார், கோடாலிக்கே அசையல!" என்றார் முதலாளி.

வந்தவர் ரத்தத்தைக் கைக்குட்டையால் துடைத்துப் பார்த்தார். "கறையும் பிடிக்கலையே. நூறு பலகை அனுப்புங்க."

முதலாளி சிரித்தார். முறிந்த காம்போடு கோடாலி இன்னும் தணிகையின் கையில்தான் இருந்தது.